சாவி சார் சேர்க்கும் ஜோடிகள்

வீடு பார்க்க வந்தவர்கள் உள்ளே போய்ச் சமையலறை அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில், இவர் வாசலில் குந்தியபடி அவர்கள் கழற்றிப்போட்ட செருப்புகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். பெரியவர்களின் செருப்பு இவருக்கு வேண்டாம். பிள்ளைகளுடையதுதான் வேண்டும். முதலில் அளவைப் பார்ப்பார், பிறகு அடிப்பாகத்தை. குதிகால் தேய்ந்திருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். முன்பக்கம், பெருவிரல் ஊன்றுகிற இடம் தேய்ந்திருந்தால் எழுந்து, பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய், "பாப்பா என்ன படிக்குது?" என்று ஆரம்பிப்பார். கேட்பவர்களுக்கு அது வீட்டுத் தரகர்களுக்கே உரிய குசல விசாரிப்பாகத்தான் தோன்றும்.

நான் வீடு பார்க்க வந்தபோது என் செருப்பையும் புரட்டினார். எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை, முழங்கால் வலி மட்டும் உண்டு. செருப்பைக் கீழே வைத்த வேகத்திலேயே என் மேலிருந்த அக்கறையும் அவருக்குப் போய்விட்டது. மூன்றாவது மாடி, கடலைப் பார்த்த சன்னல். "காத்து அள்ளிக்கிட்டுப் போகும் சார்" என்றார். தரகர் சொன்னதில் அது ஒன்று பொய்யில்லை. குடிவந்த வாரமே கொடியில் காய்ந்த என் துணிகளில் பாதியைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவற்றைத் தேடி ஒரு காலையில் மணலுக்கு இறங்கினேன். அங்கே வாலிபால் வலை கட்டிய ஒரு கம்பத்தின் உச்சியில் என் துண்டு காற்றின் திசையைக் காட்டிக்கொண்டிருந்தது. கம்பத்தடியில் என் தரகர், இடுப்பில் கைவைத்து நின்று, பத்துப் பதினைந்து பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தார். துண்டைக் கேட்க வாயெடுத்தவன், அவர் திட்டுகிற அழகில் வந்த வேலையை மறந்துவிட்டேன்.

நாற்பதைத் தாண்டியவர். குள்ளம் என்றால் கோபித்துக்கொள்வார். "உயரம் கம்மி, அவ்வளவுதான்" என்பார், வாடகை கம்மி என்பதைச் சொல்லும் அதே குரலில். அவர் நீட்டும் அட்டையில் 'வீட்டு வசதி ஆலோசகர்' என்று அச்சிட்டிருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள் புரோக்கர் என்பார்கள். மணலுக்கு வரும் பிள்ளைகளுக்கு மட்டும் அவர் 'சாவி சார்'. காலி வீடுகளின் சாவிகள் ஒரு பெரிய கொத்தாக எந்நேரமும் இடுப்புப் பட்டையில் தொங்கும். பயிற்சியின்போது ஊதல் கிடையாது. கொத்தைக் கையில் எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினால் நில் என்று பொருள். இரண்டு குலுக்கினால் பக்கம் மாறு. விடாமல் குலுக்கினால் யாரோ நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள்.

"ஒரு விசில் வாங்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"விடியக்காலைல விசில் ஊதினா இந்த வரிசைல இருக்கற அத்தனை வீடும் எழுந்து சண்டைக்கு வரும் சார். தூக்கத்தைக் கெடுத்தவன்கிட்ட எவன் வீடு கேட்டு வருவான்?"

அவருடைய மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் இந்த ஊரில் யார் யார் வீடு காலிசெய்தார்கள் என்பது தெரிந்துவிடும். ஆடுகளத்தின் எல்லைக் கோடுகள் எல்லாம் குடிபோனவர்கள் விட்டுச்சென்ற துணிக்கொடிக் கயிறுகள். பந்துகள் கிடப்பது அழுக்குத்துணிக் கூடையில். மணலைச் சமப்படுத்துகிற கருவி ஒரு பழைய கட்டிலின் பக்கச் சட்டம், இருபுறமும் கயிறு கட்டி இழுப்பார்கள். நடுவர் ஏறி நிற்பது சமையலறை முக்காலி. திரைச்சீலைக் கம்பி, வாளி, மிதியடி, ஒரு முழுநீளக் கண்ணாடி கூட இருக்கிறது. பந்தை அடிக்கும்போது தோள் எப்படித் திரும்புகிறது என்று பிள்ளைகள் அதில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பெண் பிள்ளைகள் தலைமுடியையும் பார்த்துக்கொள்கிறார்கள், ஆண் பிள்ளைகள் அதைவிட அதிகமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வலைகூட ஒரு வீட்டில் கிடந்ததுதான். "ஒரு புருஷன் பொண்டாட்டி சார். சாயங்காலமானா ரெண்டு பேரும் மணல்ல ஆடுவாங்க. வேலை மாத்தலாகிப் போறப்ப வலையும் பந்தும் லாஃப்ட்லயே கெடந்துச்சு. போன் பண்ணிக் கேட்டேன், நீங்களே வச்சுக்குங்கன்னுட்டாங்க. அதுல ஆரம்பிச்ச வினை" என்றார். வினை என்று சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

ஆரம்பத்தில் அவருடைய மகளும் அடுத்த வீட்டு இரட்டையரும்தான் ஆடினார்கள். இப்போது மூன்று வலைகள் கட்டியிருக்கிறார், அப்படியும் பிள்ளைகள் முறைவைத்து ஆடவேண்டியிருக்கிறது. எப்படி வந்தார்கள் இத்தனை பேர் என்று துருவினேன். முதலில் மழுப்பினார். பிறகு தொழில் ரகசியத்தைக் கக்கிவிட்டார். பெருவிரல் பக்கம் தேய்ந்திருந்தால் ஓடிக் குதிக்கிற பிள்ளை என்று கணக்கு. அப்படிப்பட்ட செருப்போடு ஒரு குடும்பம் வந்தால், அவர்கள் எந்தப் பக்கம் வீடு கேட்டாலும் சரி, முதலில் இரண்டு மோசமான வீடுகளைக் காட்டுவார். படியேறினால் தலை இடிக்கிற வீடு, பகலிலும் விளக்குப் போடவேண்டிய வீடு. அவர்கள் சோர்ந்துபோய் நிற்கும் நேரம் பார்த்து, "பீச் பக்கம் ஒண்ணு இருக்கு, ஆனா அது உங்களுக்குச் சரிப்படுமான்னு தெரியல" என்று இழுப்பார். அவ்வளவுதான், சரிப்பட்டுவிடும். இந்தக் கரையோரத் தெருக்களில் பாதிக் குடும்பங்களைக் கொண்டுவந்து சேர்த்தவை அந்தந்த வீட்டுப் பிள்ளைகளின் செருப்புகள்தான்.

"உங்களைப் பிள்ளை பிடிக்கிறவர்னு போலீஸ்ல சொல்லப் போறேன்" என்றேன்.

"தாராளமா சொல்லுங்க சார். இன்ஸ்பெக்டருக்கும் வீடு நான்தான் பாத்துக் குடுத்தேன். அவர் பையன் அதோ, மூணாவது வலைல நிக்கறான் பாருங்க."

தாய்மார்கள் சண்டைக்கு வந்த காலமும் உண்டு. பெண் கருத்துப்போய்விடுவாள் என்று ஓர் அம்மா தினமும் குடையோடு வந்து நின்றாராம். இவர் மறுத்துப் பேசவில்லை. குடையோடு நிற்பவரை வலைக்கு அந்தப்புறம் நிறுத்தி, "சும்மா தூக்கிப் போடுங்கம்மா" என்று பந்தைக் கொடுத்திருக்கிறார். இப்போது அந்த அம்மா வாரக் கடைசியில் இன்னும் மூன்று அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அவர்களுக்கு நடுவில் எழும் வாக்குவாதம் என் மூன்றாவது மாடிவரை கேட்கும்.

சொல்லிக்கொடுக்கும் முறையும் தரகர் முறைதான். "பந்தைப் பாக்காதடா, எடத்தைப் பாரு. அந்தப் பக்கம் எது காலியா இருக்கு? ரெண்டு பேர் எவ்வளவுதான் அடைச்சுக்குவாங்க, எங்கயாவது காலி இருந்தே தீரும்" என்று கத்துவார். அடித்த பந்து எதிராளியின் கையிலேயே போய் விழுந்தால், "ஆள் இருக்கற வீட்டுக்குள்ள ஏன் போற?" என்பார். பந்து சரியான இடத்தில் விழுந்துவிட்டாலோ பாராட்டெல்லாம் வராது. "அட்வான்ஸ் குடுத்தாச்சு, சரி, அடுத்தது" என்று மட்டும் சொல்வார். பிள்ளைகள் அந்த ஒரு சொல்லுக்காக மணலில் விழுந்து புரளுகிறார்கள்.

இவருக்கு ஏன் இந்த ஆட்டம் என்பதுதான் எனக்கு விளங்காமலிருந்தது. பல நாள் பேச்சுக்கொடுத்த பிறகு சொன்னார். படிக்கிற காலத்தில் இவரும் வாலிபால் அணியில் இருந்தவர். சாதாரண வாலிபால், ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். "நான் ஏழாவது ஆள் சார். எவனுக்காவது கால் சுளுக்கினா எறக்குவாங்க. எவனுக்கும் சுளுக்கல. நல்ல ஆரோக்கியமான பசங்க. பாட்டில்ல தண்ணி பிடிச்சுத் தருவேன், ஜெயிச்சா கை தட்டுவேன். படிப்பு முடியற வரைக்கும் என் பனியன் அழுக்காகவே இல்ல." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு மணலைக் காட்டினார். "இங்க பாருங்க, ஒரு பக்கத்துக்கு ரெண்டே பேர். மாத்து ஆளே கெடையாது. சொதப்பினாலும் அவன்தான் ஆடணும். யாரையும் உக்கார வைக்கவே முடியாது சார்!" கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த கொண்டாட்டம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் இரண்டு இரண்டாக ஆடும் ஆட்டத்தில் ஒற்றைப்படையாக ஆள் வந்தால் ஒருவர் மிஞ்சத்தானே செய்வார்? அந்த நாளில் இவரைப் பார்க்கவேண்டும். மிஞ்சிய பிள்ளைக்கு ஜோடி தேடிக் கரையெல்லாம் ஓடுவார். ஓட்டப்பயிற்சிக்கு வந்தவர், நாயோடு நடப்பவர், யார் கண்ணில் பட்டாலும் கையைப் பிடித்து இழுத்து வருவார். ஒருமுறை என்னையே நிறுத்திவிட்டார். இரண்டு பந்துக்குள் என் முழங்கால் கைவிரித்துவிட்டது. அப்புறம் அந்தப் பையனோடு அவரே ஆடினார், சாவிக் கொத்து இடுப்பில் குதித்துக்கொண்டிருக்க.

ஜோடி சேர்ப்பதற்கென்று அவரிடம் ஒரு போர்வை இருக்கிறது. அதுவும் யாரோ விட்டுப்போனதுதான், பெரிய இரட்டைக்கட்டில் போர்வை. கடல்காற்று நன்றாக வீசும்போது அதை நனைத்து, புதிதாகச் சேரப்போகும் இரண்டு பேரிடம் கொடுத்து, மடிக்கச் சொல்வார். ஆளுக்கொரு முனையைப் பிடிக்கிறார்கள். காற்று பிடுங்குகிறது. யார் இழுத்துப் பிடிப்பது, யார் விட்டுக்கொடுப்பது, யார் முதலில் எதிரே நிற்பவரை நோக்கி நடப்பது என்று அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். இருவரும் ஒரே நேரத்தில் நடந்து மோதிக்கொண்டால் பிரித்துவிடுவார். இருவரும் நின்ற இடத்திலேயே நின்றாலும் பிரித்துவிடுவார். "சண்டை போட்டுக்கிட்டே மடிச்சு முடிச்சாங்கன்னா அதுதான் சார் ஜோடி. வாயே தொறக்காம மடிக்கறதுங்களை நம்பக் கூடாது" என்பது அவர் கட்சி.

அப்படி ஊரைக் கூட்டுகிற சண்டையோடு போர்வையை மடித்த ஜோடி ஒன்று உண்டு. ஒருத்தி அவர் மகள். அப்பாவைப் போலவே உயரம் கம்மி, மணலில் அவள் ஓடுகிற ஓட்டத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சுண்டெலி. இன்னொருத்திக்குப் பெயர் ஒட்டடைக்குச்சி. அவள் வலையருகில் கையைத் தூக்கினால் வலைக்கு மேல் இன்னொரு வலை கட்டியதுபோல் இருக்கும். ஒட்டடைக்குச்சியின் குடும்பமும் செருப்பு வழியாக வந்ததுதான். அவள் செருப்பைக் கையில் எடுத்த நாளை இவர் பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையைப் போல் வர்ணிப்பார். "ஆம்பளை செருப்புன்னு நெனச்சேன் சார். பாத்தா பின்னாலேர்ந்து ஒரு பாப்பா வந்து போட்டுக்குது!" சுண்டெலி பந்தை எங்கிருந்தாவது பொறுக்கி மேலே தூக்கிவிடுவாள், ஒட்டடைக்குச்சி அதை இறக்கிவைப்பாள். ஒவ்வொரு பாயின்டுக்கு நடுவிலும் இரண்டும் கடித்துக்குதறும். வட்டாரப் போட்டியில் தங்களைவிடப் பெரிய பெண்களை இந்த இரண்டும் தோற்கடித்துவிட்டன. அடுத்தது பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கான தேர்வுப் போட்டி. அதற்கு ஒரு மாதம் இருந்தது. ஜோடியாகத்தான் பெயர் கொடுக்கவேண்டும், கொடுத்தாகிவிட்டது.

பத்திரிகைக்கு எழுதும் இந்தக் கட்டுரைக்காக நான் அவர் ஸ்கூட்டரின் பின்னால் தொற்றிக்கொண்டு திரிந்தது அந்த மாதத்தில்தான். ஒரு காலை, பயிற்சி முடிகிற நேரத்தில் ஒட்டடைக்குச்சியின் அம்மா கைக்குழந்தையோடு மணலில் நடந்து வந்தார்.

"அண்ணா, ஒரு வீடு பாக்கணும்."

"யாருக்குத் தங்கச்சி?"

"எங்களுக்குத்தான்."

அவருடைய கணவர் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தொழிற்சாலையை ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பேருந்து மாறிப் போகிறார், இரண்டு மாறித் திரும்புகிறார். அங்கேயே பக்கத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும் என்றார் அந்த அம்மா. சாவி சார் உடனே தலையாட்டினார். "அதுக்கென்ன, பாத்துடலாம்" என்றார். ஆனால் அந்த மறுகோடியிலிருந்து விடியற்காலைப் பயிற்சிக்கு ஒட்டடைக்குச்சி வந்துசேர முடியாது. அந்த அம்மா போன பிறகு, சமப்படுத்திய மணலையே கட்டில் சட்டத்தால் மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார்.

அதே வாரத்தில் ஒரு வீட்டுக்காரர் அவரைக் கூப்பிட்டுச் சாவி கொடுத்தார். நானும் உடன் போயிருந்தேன். பச்சை இரும்புக் கேட், மாடியில் இரண்டு அறை, நல்ல வெளிச்சம், பால்கனியில் நின்றால் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கூரை தெரிகிறது. "அந்தக் குடும்பத்துக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கே!" என்றேன். காது கேட்காதவரைப் போல் சன்னல் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அன்று அவர் வீட்டில் தேநீர் குடித்தேன். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்க்கிறவருக்குப் புருஷன் கண்ணைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"அந்தப் பக்கம் வீடு கெடைச்சுடுச்சு, இல்லீங்க?" என்றார்.

இவர் தேநீரை ஊதினார். உள்ளறையிலிருந்து சுண்டெலி வெளியே வந்தாள்.

"காட்டாதீங்கப்பா."

"நீ போய்ப் படி."

"ஒரு மாசம்தானே கேக்கறேன்? செலக்‌ஷன் முடியட்டும். அப்புறம் அவங்க எங்க வேணா போகட்டும். அதுவரைக்கும் வீடு எதுவும் அமையலன்னு சொல்லுங்க. நீங்க சொல்லாத பொய்யா?"

"ஏய், அப்பாகிட்ட இப்படியா பேசறது?" என்றார் அம்மா.

"பின்ன என்னம்மா? என் வயசுல எல்லாரும் ஜோடி சேந்தாச்சு. அவ போனா எனக்கு யாரு இருக்கா? நான் என்ன பண்ணட்டும், வர்றவங்களுக்கெல்லாம் பாட்டில்ல தண்ணி பிடிச்சுத் தரட்டுமா?"

அவள் வேண்டுமென்று சொன்னாளோ, வாயில் வந்துவிட்டதோ தெரியவில்லை. சாவி சார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார், பாதிகூடக் குடிக்கவில்லை. மனைவிதான் பேசினார். "அந்தப் பொண்ணோட அப்பா பஸ் மாறி மாறித் தெனம் படற பாட்டையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க." எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கச் சங்கடமாக இருந்தது, இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைப்பதுதானே என் பிழைப்பு.

இரண்டு நாள் கழித்து ஒட்டடைக்குச்சியின் அம்மாவை வீடு காட்ட அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். பச்சைக் கேட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். அவர் வண்டியை நிறுத்தியது ஒரு வெல்டிங் பட்டறையின் மாடிக்குக் கீழே. வீட்டுக்குள் நின்றால் பேசுவது கேட்காது. அடுத்ததாகக் காட்டிய வீட்டில் குளியலறைக் கதவு மூடவேயில்லை, சுவரில் இடுப்பளவு ஈரம். "ஓனர் தங்கமான மனுஷன்" என்று மட்டும் சொன்னார், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பச்சைக் கேட்டின் சாவி அவர் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தார், மூடாத கதவைத் தள்ளிப் பார்த்தார். முகத்தில் ஒரு சுணக்கம்கூட இல்லை.

தெருவுக்கு வந்ததும் நான்தான் பொறுக்கமாட்டாமல், "ரெண்டுமே நல்லா இல்லியேம்மா" என்றேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "உங்களுக்கு அண்ணாவைத் தெரியாது சார். மொதல்ல ரெண்டு மோசமானதைக் காட்டுவார். அப்புறம்தான் நல்லது வெளிய வரும். போன தடவையும் அப்படித்தான், கடைசியாத்தான் பீச் வீட்டைக் காட்டினார். அப்ப எனக்கு விவரம் தெரியாம ரொம்ப அலுத்துக்கிட்டேன். இப்ப தெரியுமே!" பிறகு இவரைப் பார்த்துத் திரும்பினார். "எனக்கு அவசரமில்லண்ணா. அவரை நெனச்சாத்தான். போன வாரம் வெட்டற மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டாராம். பக்கத்துல இருந்தவர் சட்டையைப் பிடிச்சு இழுத்திருக்கார். என்கிட்ட சொல்லவே இல்ல, கிழிஞ்ச சட்டையைப் பாத்துட்டு நான்தான் கேட்டேன். பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க, அவ ஆட்டத்தை விட்டுடறேன்னு நிப்பா. நீங்க எப்பக் காட்டணும்னு நெனைக்கறீங்களோ அப்பக் காட்டுங்க."

அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்ட பிறகு சாவி சார் வெகுநேரம் வண்டியைக் கிளப்பவில்லை. ஹெல்மெட்டை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"பொய் எனக்குப் புதுசில்ல சார்" என்றார். "காத்து வரும்பேன், வராது. தண்ணி வரும்பேன், அதுவும் வராது. ரெண்டு நாள் திட்டிட்டு அப்புறம் அதுலயே குடியிருப்பாங்க. ஆனா இந்தத் தங்கச்சி என் ஏமாத்து வேலையைத் தெரிஞ்சுக்கிட்டு அதையே நம்புது சார். நான் என்ன செய்யட்டும்?"

கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலை சன்னலிலிருந்து பார்த்தேன். பயிற்சி முடிந்து மற்றவர்கள் கலைந்தபின் அவர் மகளை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு பேசினார். குரல் எட்டவில்லை. அவர் குந்தி உட்கார்ந்திருந்தார், அவள் நின்றிருந்தாள். அவர் தன் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டியது மட்டும் தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடையைத் தூக்கி, பந்துகளை ஒவ்வொன்றாகக் கடல் பக்கம் அடிக்க ஆரம்பித்தாள். ஒரு பந்துகூட எல்லைக்குள் விழவில்லை. சாவிக் கொத்து குலுங்கவேயில்லை. கூடை காலியானதும் அவர் எழுந்துபோய், அலை கொண்டுபோவதற்கு முன் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

அன்று மாலை பச்சைக் கேட் வீட்டுக்கு நான் பேருந்தில் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் வந்திருந்தார்கள். ஒட்டடைக்குச்சி, தோளில் குழந்தையோடு அவள் அம்மா, சாவி சார். ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து சுண்டெலியும் இறங்கினாள். முகம் தொங்கிப்போயிருந்தது. எதற்கு வந்தாய் என்று கேட்டேன். "சும்மா" என்றாள்.

மாடியேறினோம். வழக்கமான அளப்பு எதுவும் இல்லை. "மழை அடிச்சாப் பெரிய ரூம் சன்னல் ஓரம் கொஞ்சம் ஒழுகும்மா. கீழ் வீட்டுப் பெரியவர் சத்தமா டிவி வைப்பார். மத்தபடி குறையில்ல" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு வீட்டின் குறையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா பயந்துவிட்டார். "இதுதானேண்ணா நல்ல வீடு?" என்று கேட்டார்.

"இதுதாம்மா" என்றார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. பால்கனிக்குப் போய்த் தொழிற்சாலைக் கூரையைப் பார்த்தார், நடந்தே வந்துவிடலாம் என்று குழந்தையிடம் சொன்னார், பிறகு சமையலறைக்குள் போனார். பெண்கள் இருவரும் வெற்று அறையில் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஒட்டடைக்குச்சிதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"இங்கேர்ந்து பீச்சுக்கு எவ்வளவு நேரமாகும்?"

சாவி சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ரொம்ப நேரம்" என்றாள் சுண்டெலி. "ஆனா உங்கப்பாவுக்குக் கிட்ட."

ஒட்டடைக்குச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். நான் திரும்பிப் பார்த்தபோது சாவி சார் அறையில் இல்லை. பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன்.

அவர் கீழே ஸ்கூட்டரைக் கேட்டை ஒட்டி நிறுத்திவிட்டு இருக்கைமேல் ஏறிக்கொண்டிருந்தார். கேட்டின் மேல் வளைவில் 'வாடகைக்கு' என்ற தகரப் பலகை கம்பியால் கட்டித் தொங்கியது. முன்பணம் கைக்கு வராமல் இந்தத் தொழிலில் யாரும் பலகையில் கைவைக்க மாட்டார்கள். இங்கே சமையலறையில் அந்த அம்மா இன்னும் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், வீடு பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுக்கூடச் சொல்லியிருக்கவில்லை. கம்பி துருப்பிடித்துப்போய் அவிழ மறுத்தது. அவர் நுனிக்காலில் எம்பினார். வண்டி ஆடியது.

என் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த சுண்டெலி திரும்பிப் படியிறங்கி ஓடினாள். போனவள் வண்டியின் கைப்பிடிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து பார்க்கவில்லை, அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்பி ஒருவழியாக முறுக்கவிழ்ந்தது. அவர் பலகையைக் கழற்றிக் கீழே நீட்டினார். வண்டி சாயாமல் இடுப்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, அவள் இரண்டு கைகளையும் உயர்த்தி அதை வாங்கிக்கொண்டாள்.